சுவரில் எழுதியதும் கைபேசியில் எழுதுவதும்

(கழகத்தின் வெள்ளிவிழா இளைஞர் அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)

 

வெள்ளிவிழா மேடையில் நிற்பவன் சாதனைகளை எடுத்துரைப்பதுதான் முறை. ஓலைக் கொட்டகையில் ஒரே குழல்விளக்கின் கீழ் பதினோரு பிள்ளைகளுடன் தொடங்கிய இரவுப் பாடசாலை இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதை நம் செயலாளர் அவர்கள் காலையிலேயே புள்ளிவிவரத்தோடு எடுத்துக் கூறினார்கள். எனக்கும் அத்தகையதொரு தலைப்பையே கொடுத்திருந்தார்கள். அதை மாற்றித் தரவேண்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அதற்குக் காரணம் ஒரு மாணவி.

சென்ற ஆண்டு பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு மூன்று வாரமே இருந்த வேளையில் அந்தப் பெண் நம் பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பகற்பள்ளிக்கும் போகவில்லை. அரையாண்டுத் தேர்வில் முதல் மதிப்பெண் பெற்றவள் அவள். அவளைப் பாராட்டி வகுப்பு ஆசிரியர் ஒரு படம் தயாரித்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். இரண்டு நாள் கழித்து யாரோ ஒருவன் அப்படத்திலிருந்து அவள் முகத்தை வெட்டியெடுத்து, அருகிலே நாவால் சொல்லத் தகாத சாதிச் சொல்லையும் ‘கோட்டா’ என்னும் சொல்லையும் எழுதி இன்ஸ்டாகிராமில் வெளியிட்டான். மறுநாள் அவள் பெயரிலேயே ஒரு பொய்க் கணக்கு தோன்றியது. அதில் அவள் முகம் வேறொருத்தியின் உடலோடு ஒட்டவைக்கப்பட்டிருந்தது. நான்கே நாளில் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள்கூட அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் நிலை வந்தது. பள்ளியில் முறையிட்டபோது, இது பள்ளிக்கு வெளியே நடந்தது என்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள். தந்தை அவள் கைபேசியைப் பிடுங்கினார். அண்ணன் அவள் கணக்கை அழித்தான். தாய் ‘படித்தது போதும்’ என்றாள். ஒரே வாரத்தில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் எழுந்துவிட்டது. அந்தப் பெற்றோர்மீது எனக்குக் கோபமில்லை. கட்டட வேலைக்கும் களையெடுக்கவும் போகிறவர்கள். மானத்தைத் தவிர வேறு சொத்தில்லை என்று நம்புகிறவர்கள். ஆயினும், முகம் தெரியாத ஒருவன் தொடங்கிய வேலையை அவனுக்காக அந்த வீடு முடித்துக்கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது என்பதை இந்த மேடையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் தெருக்களில் ஒரு பெண்பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு வரை வருவதற்கு மூன்று தலைமுறை ஆயிற்று.

நான் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில், பள்ளிக் கழிப்பறைச் சுவரில் என் பெயரையும் சாதியையும் சேர்த்துக் கரித்துண்டால் எழுதிவைத்தார்கள். ஒரு வாளித் தண்ணீரும் தென்னம்மட்டையும் கொண்டுபோய் நானே தேய்த்துக் கழுவினேன். முழுவதும் போகவில்லை. நிழல்போல் நின்றது. ஆனாலும் அது ஒரு சுவர். அங்கே போனவன் கண்டான், போகாதவன் காணவில்லை. மாலை மணியடித்ததும் நான் என் தெருவுக்கு வந்துவிடுவேன். அங்கே அந்தச் சுவர் இல்லை. அம்மாவின் அடுப்பும் நண்பர்களின் கோலியாட்டமும் இருந்தன. இழிவுக்கு அன்று ஓர் எல்லை இருந்தது. இன்றைய பிள்ளைக்கு அந்த மாலைப்பொழுது இல்லை. சுவர் அவன் சட்டைப் பையிலே கிடக்கிறது. இரவு தலையணைக்கு அடியிலே கிடந்து அதிர்கிறது. ஓரிடத்தில் கழுவினால் ஒன்பது இடத்தில் முளைக்கிறது. எழுதியவன் பக்கத்து இருக்கையில் இருக்கிறானா, பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறானா என்பதும் தெரிவதில்லை. எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் ‘இவனாக இருக்குமோ’ என்று பார்த்துப் பார்த்தே அந்தப் பிள்ளை இளைத்துப் போகிறது.

நார்வே நாட்டில் பணியாற்றிய டான் ஓல்வேயஸ் என்னும் உளவியல் அறிஞர் 1970-களிலிருந்தே பள்ளிப் பிள்ளைகளிடையே நிகழும் கொடுமையை ஆராய்ந்து அதற்கு மூன்று அடையாளங்களைக் கூறினார். ஊறு செய்யும் நோக்கம் இருக்கவேண்டும், அது மீண்டும் மீண்டும் நிகழவேண்டும், இருவருக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு இருக்கவேண்டும். இந்த மூன்றையும் நம் நிலையோடு பொருத்திப் பாருங்கள். இணையத்தில் ஒருவன் ஒரே முறை பதிவிட்டால் போதும். மீண்டும் மீண்டும் செய்யும் வேலையைப் பார்த்தவர்களின் விரல்களே செய்துவிடுகின்றன. வலிமையின் ஏற்றத்தாழ்வோ, கைபேசி இந்நாட்டுக்கு வருமுன்பே ஈராயிரம் ஆண்டுகளாகப் போடப்பட்ட பாதை. மற்றப் பிள்ளைகளைக் குண்டு என்றும் கறுப்பு என்றும் திக்குவாய் என்றும் பழிப்பார்கள். நம் பிள்ளைகளை அப்படியும் பழிப்பார்கள், அதற்குமேல் பிறப்பைச் சொல்லியும் பழிப்பார்கள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்கலாம். தெருப் பெயர் போதும். உதவித்தொகைப் பட்டியல் போதும். அண்ணல் அம்பேத்கரின் படத்தை முகப்பில் வைத்திருந்தால் போதும். 2015 மே மாதத்தில் சீரடியில் ஓர் இளைஞர் கொல்லப்பட்டார். அவர் கைபேசியில் ஒலித்த அம்பேத்கர் பாடலே தகராறுக்குத் தொடக்கம் என்பது வழக்கு. 2018 இல் குசராத்தில், முகநூலில் தன் பெயருக்குப் பின்னால் ‘சிங்’ என்று சேர்த்துக்கொண்டதற்காக நம் இளைஞர் ஒருவர் தாக்கப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு அதே மாநிலத்தில் மீசை வைத்ததற்காக அடித்தார்கள். அப்போது அங்கிருந்த இளைஞர்கள் பலர் செய்ததை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். முறுக்கிய மீசையும் அதன்கீழ் ஒரு கிரீடமும் ‘மிஸ்டர் தலித்’ என்ற எழுத்தும் கொண்ட படத்தை எல்லாரும் தம் வாட்ஸ்அப் முகப்பில் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டார்கள். ஒருவனைக் குறிவைத்தவனுக்கு எதிரே ஒரு கூட்டம் நின்றது. கத்தியில்லை, வசைச்சொல் இல்லை. எனக்கு அந்தச் செய்கை மிகவும் பிடித்திருந்தது.

நம் மாநிலத்திலும் சொல் சொல்லோடு நிற்பதில்லை. 2023 ஆகஸ்டு 9 இரவு நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அது கைபேசியில் தொடங்கியதன்று. வகுப்பறையில் தொல்லையாகத் தொடங்கியது. தொல்லை தாளாமல் அவன் பள்ளிக்கு வருவதையே சில நாள் நிறுத்தியிருந்தான். பிழைத்தெழுந்து 2024 இல் பிளஸ் டூவும் தேறிவிட்டான். அந்நிகழ்ச்சிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிநாயகம் சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அரசிடம் அளித்தது. மணிக்கட்டில் கட்டும் சாதி வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப்பெயர் நீக்கம் என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு. கயிற்றை மணிக்கட்டிலிருந்து அவிழ்க்கலாம். அதே வண்ணம் ஸ்டேட்டஸிலும் ரீல்ஸிலும் திரைப்படப் பாட்டோடு ஓடிக்கொண்டிருப்பதை யார் அவிழ்ப்பது? வகுப்பில் ஒரு மாணவன் வராமல் போனால், அவன் ஏன் வரவில்லை என்று கேட்கும் ஆசிரியர் அவன் கைபேசிக்கு என்ன வந்தது என்றும் கேட்கவேண்டிய காலம் இது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். இதில் நம்மவரிடையே ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கிவிட்டது. அதனால் இணையத்தில் யார் எதை எழுதினாலும் கேட்க முடியாது என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றிப் படமெடுத்தோ வெளியிட்டோ வந்தால் 66-ஈ பிரிவு இருக்கிறது. ஆபாசப் படத்துக்கு 67 இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவரின் படமானால் 67-பி இருக்கிறது, அது இன்னும் கடுமையானது. பிறர் பெயரில் கணக்குத் தொடங்கி ஏய்ப்பதற்கு 66-டி இருக்கிறது. பெண்ணை இணையத்தில் விடாது பின்தொடர்ந்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் முன்னோர் போராடிப் பெற்ற 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது அச்சட்டத்தின்படி குற்றம். இணையம் ‘பொதுப்பார்வைக்குட்பட்ட இடம்’ ஆகுமா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். 2022 இல் கேரள உயர் நீதிமன்றம் ஆகும் என்றது. யூட்யூபில் பழங்குடிப் பெண்ணொருவரை இழிவுபடுத்திய காணொளி பற்றிய வழக்கு அது. பாதிக்கப்பட்டவர் நேரில் இல்லையே என்ற வாதத்துக்கு நீதிமன்றம் சொன்ன விடை அழகானது. எவரேனும் ஒருவர் அக்காணொளியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்டவர் அங்கே இருப்பதாகவே கொள்ளவேண்டும் என்பது அதன் கருத்து. இழிவு ஒவ்வொரு முறையும் புதிதாக நிகழ்கிறது என்பதை, அதை அனுபவித்த எந்தப் பிள்ளையும் நீதிபதிக்கு முன்னரே அறிந்திருக்கும்.

சட்டம் இருந்தும் சாட்சி இல்லையென்றால் என்ன பயன்? அந்தப் பெண்ணின் வழக்கில் முதல் இடர்ப்பாடு அதுதான். வெட்கத்திலும் கோபத்திலும் வீட்டார் அவள் கணக்கை அழித்தபோது, அவளுக்கு வந்த மிரட்டல் செய்திகளும் கைவிட்டுப் போயின. ஆகையால் இளைஞர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். இழிவான பதிவு கண்ணில் பட்டதும் அழிக்காதீர்கள், பதில் எழுதாதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளும் நேரமும் கணக்கின் பெயரும் அதில் தெரியவேண்டும். பதிவின் இணைப்பையும் கணக்குப் பக்கத்தின் இணைப்பையும் தனியே படியெடுத்து வையுங்கள், ஏனெனில் காட்டும் பெயரை ஒரு நொடியில் மாற்றிவிட முடியும். நம்பத்தகுந்த வேறொருவரின் கைபேசியிலும் திறந்து பார்க்கச் செய்யுங்கள், அவர் பிறகு சாட்சியாவார். பதிவு வந்த கைபேசியை விற்கவோ உடைக்கவோ வேண்டாம். ஒரே ஒரு விலக்கு உண்டு. சிறுவர் சிறுமியரின் ஆடையற்ற படமானால், உண்மையானாலும் ஒட்டுப்படமானாலும், அதைச் சேமிக்கவும் வேண்டாம், சாட்சிக்காக என்று எவருக்கும் அனுப்பவும் வேண்டாம். இணைப்பை மட்டும் குறித்துக்கொண்டு நேரே காவல் நிலையம் செல்லுங்கள்.

படம் பரவாமல் தடுக்க ஒரு வழியும் உண்டு. ‘டேக் இட் டவுன்’ என்னும் இலவச ஏற்பாடு பதினெட்டு வயதுக்குள் எடுக்கப்பட்ட படங்களுக்கு உரியது. பெரியவர்களுக்கு ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.’ என்று வேறொன்று உள்ளது. நம் படத்தை அவர்களிடம் கொடுக்கவேண்டியதில்லை. படத்தின் கைரேகைபோல ஓர் எண் வரிசையை நம் கைபேசியே கணித்து அனுப்பும். உடன்பட்ட நிறுவனங்கள் அதைக்கொண்டு தம் தளங்களில் அப்படத்தைத் தேடி நீக்கும். ஆடையற்ற படம், ஒட்டுப்படம் பற்றிப் பாதிக்கப்பட்டவரே முறையிட்டால் ஒரு நாளுக்கு மேல் அதை விட்டுவைக்கலாகாது என்பதே 2021-ஆம் ஆண்டு விதிகள் இந்நிறுவனங்கள்மேல் முதலில் சுமத்தியிருந்த கடமை. நிறுவனங்களின் நடத்தை விதிகளிலும் சாதி இழிவு தடுக்கப்பட்டதாகவே இருக்கிறது. ஆனால் நம்மூர் வசையின் வளைவு நெளிவுகள் அந்த இயந்திரத்துக்குப் புரிவதில்லை. ‘சலுகை’ என்ற சொல்லில் இருக்கும் நஞ்சை அது எங்ஙனம் அறியும்? ஆகவே முறையீட்டில், இச்சொல் இன்ன சாதியை இன்ன வகையில் இழிவுபடுத்துகிறது என்று இரண்டு வரியில் விளக்கி எழுதுங்கள்.

காவல் நிலையத்தில் ‘எதற்கம்மா பெண்பிள்ளைக்குக் கைபேசி?’ என்றுதான் முதலில் கேட்டார்கள். அதற்கு விடை சொல்ல நாம் போகவில்லை. மனுவைக் கொடுத்து ஏற்புச் சான்று வாங்குங்கள். எல்லை எங்களுடையதன்று என்று திருப்பியனுப்ப இயலாது. எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்பதை 2024 இல் நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. வன்கொடுமைச் சட்டத்தின்கீழ் வரும் புகாரைப் பதியாமல் வேண்டுமென்றே கடமை தவறும் அலுவலருக்கு, அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. இதை உரத்துச் சொல்லவேண்டியதில்லை. அமைதியாகச் சொன்னாலே போதுமானதாக இருந்தது.

கணக்கு அழிந்த பிறகு சாட்சி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அவள் வகுப்புத் தோழி ஒருத்தி, தொடக்க நாளிலேயே அனைத்தையும் நாளோடும் இணைப்போடும் சேமித்து வைத்திருந்தாள். தானாகவே வந்து கொடுத்தாள். அவள் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவள் அல்லள். வீட்டில் அவளுக்கு என்ன ஏச்சு விழுந்தது என்பதை நான் அறிவேன்.

இனிச் சொல்லப்போவது நம்மில் சிலருக்குக் கசக்கும். பொய்க் கணக்கைத் தொடங்கியவன் அவளோடு படித்த, பதினேழு வயது நிரம்பிய ஒரு மாணவன் என்று விசாரணையில் தெரிந்தது. ஆனால் அந்தப் படத்தை நம் தெருவுக்குக் கொண்டுவந்தவன் யார்? நம் தெருப் பையன். நம் கழகத்தின் இளைஞர் வாட்ஸ்அப் குழுவிலேயே அதைப் போட்டான். அழுகின்ற முகத்தின் சின்னத்தோடு, ‘பாவம் நம்ம பொண்ணு’ என்று எழுதித்தான் போட்டான். அவளுடைய தந்தை அதை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தார். பையனை அழைத்துக் கேட்டேன். ‘நான் என்ன அண்ணா தப்பு செய்தேன், கண்டித்துத்தானே போட்டேன்’ என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. இரக்கத்தோடு அனுப்பினாலும் படம் படம்தான்.

இன்னும் உண்டு. நம் இளைஞர்கள் சிலர் பதிலடி என்று அரிவாளோடு காணொளி எடுத்துப் போடுகிறார்கள். அவன் போட்டான், நானும் போடுகிறேன் என்கிறார்கள். இருவர்மீதும் வழக்கு விழுகிறது. அவனுக்கு நிலம் இருக்கிறது, மாமன் கடை இருக்கிறது. உனக்குக் காவலர் தேர்வைத் தவிர என்ன இருக்கிறது தம்பி? நடத்தைச் சரிபார்ப்பில் அந்த முதல் தகவல் அறிக்கை எழுந்து நிற்கும். உடல் தகுதியில் தேறிய ஓர் இளைஞன் இதனால் இடறி விழுந்ததை நான் கண்ணால் கண்டேன். நம் பிள்ளைகள் அருந்ததியர் பிள்ளையைப் பழித்து எழுதிய வரியும் என்னிடம் இருக்கிறது. அதை இங்கே வாசிக்க எனக்கு நா எழவில்லை.

ஓர் இளைஞர் எழுதியனுப்பிய வினா இது: ‘இவ்வளவு தொல்லையென்றால் நம் பிள்ளைகள் இணையத்தைவிட்டு விலகிவிடலாமா?’ தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1893 இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லால் நம்மை இழிவுபடுத்தினார்களோ அதே சொல்லைத் தலைப்பாக வைத்துப் ‘பறையன்’ என்று அச்சிட்டார். பண்டித அயோத்திதாசர் 1907 இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார். அண்ணல் அம்பேத்கர் 1920 இல் ‘மூக்நாயக்’ தொடங்கினார். அச்சுப்பொறி யாருடைய கையில் இருந்த காலம் அது என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே விலகுவது விடையன்று என்றே என் மனம் சொல்கிறது. அதே நேரத்தில், பதினைந்து வயதுப் பிள்ளையைப் பார்த்து ‘நீயும் தாத்தாவைப்போல் நின்று போராடு’ என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கணக்கைப் பூட்டி வைப்பதும், அறியாதவரைத் தடுப்பதும், சில மாதம் ஒதுங்கியிருப்பதும் கோழைத்தனம் ஆகா. போராடுவது பெரியவர்களின் வேலை.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து சொன்ன நாளில் கைபேசியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை சொல்லாது. சொல்லாத பிள்ளைதான் ஆபத்தில் இருக்கிறது. உண்ணாமல், உறங்காமல், பேசாமல் இருக்கும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். சிறுவர் உதவிக்கு 1098, மனத்துயருக்கு 14416, வன்கொடுமைப் புகாருக்கு 14566, இணையக் குற்றத்துக்கு 1930. இந்த நான்கு எண்களையும் நம் கழகக் கட்டடத்தின் வாசற்சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைக்கச் செயலாளர் அவர்கள் இசைந்துள்ளார்கள். அதே வண்ணச் சாந்தில் நானும் ஓர் எழுத்தாவது எழுதுவேன் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று சொல்லிவிடுகிறேன். நம் மகளிர் அணியினர் மூன்று மாலை தொடர்ந்து அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார்கள். நான்காம் நாள் தந்தை கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். தேர்வு நாள்களில் மகளிர் அணியில் ஒருவர் அவளோடு பேருந்தில் போய் வந்தார். எழுதினாள், தேறினாள், இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அந்த மாணவன்மீதான நடவடிக்கை இளைஞர் நீதிக் குழுமத்தில் இன்னும் நடக்கிறது. அவனைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டுமா என்று கேட்டால் எனக்கே தெளிவில்லை. அவன் தன் கைப்பட ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதட்டும் என்றுதான் அவள் கேட்கிறாள். அவன் வீட்டார் மறுக்கிறார்கள். அந்தப் படமும் அவ்வப்போது எங்கிருந்தோ மீண்டும் முளைக்கிறது. அப்போதெல்லாம் மனு எழுதுகிறோம், நீக்குகிறார்கள்.

அவள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறாளா என்று தயவுசெய்து திரும்பிப் பார்க்காதீர்கள். அதை உங்களிடம் கேட்டுக்கொள்ளும்படி சொல்லித்தான் இதைப் பேச எனக்கு இசைவு கொடுத்தாள். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, கணக்கைப் பூட்டுவதும் சாட்சியைச் சேமிப்பதும் எப்படி என்று பயிற்சி நடக்கும். கைபேசியோடு வாருங்கள், பெற்றோரையும் அழைத்து வாருங்கள்.